பனிக்கட்டி இல்லாத ஊரில் வழுக்கி விழுவது எப்படி?

மார்கழி மாதத்து விடிகாலை. வடலூர் நான்கு முனைச் சந்திப்பிலிருந்து இரண்டு தெரு தள்ளி உள்ளே போனால், இந்தக் காட்சி எந்த வருடமும் கிடைக்கும். பால் கேன்களைச் சுமந்த மொபெட் ஒன்று தெருமுனையில் திரும்புகிறது. சக்கரம் ஒரு பக்கம் போகிறது, வண்டி ஒரு பக்கம் போகிறது, பால்காரர் மூன்றாவது பக்கமாகப் போய், அப்போதுதான் போட்டு முடித்த கோலத்தின் நடுவில் உட்காருகிறார். சாணிப் பிள்ளையாரின் தலையிலிருந்த பூசணிப்பூ நசுங்குகிறது.

“என்னாண்ணே, விட்டுப்போன புள்ளிய வைக்க வந்தீங்களா?” என்று எதிர்வீட்டுத் திண்ணையிலிருந்து ஒரு குரல்.

“ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல” என்று யாரும் கேட்காத கேள்விக்குப் பதில் சொல்லியபடி எழுந்திருக்கும் பால்காரர், முழங்கையைப் பார்ப்பதற்கு முன்பு கேன் மூடி இருக்கிறதா என்று பார்க்கிறார். அதற்கும் சேர்த்துத் தெரு சிரிக்கிறது.

குளிர்காலம், வழுக்கி விழுதல் என்று இரண்டையும் சேர்த்துச் சொன்னால் கனடாதான் நினைவுக்கு வரும். டொராண்டோவின் ஸ்கார்பரோவில் குடியேறிய தமிழர்கள் முதல் குளிர்காலத்திலேயே கற்றுக்கொள்ளும் பாடங்களில் ஒன்று ‘பிளாக் ஐஸ்’. உண்மையில் அதற்கு நிறமே கிடையாது. தாரின் மேல் கண்ணாடித்தாள் போலப் படிந்த மெல்லிய பனிக்கட்டி. அடியிலிருக்கும் தார் அப்படியே தெரிவதால் பனிக்கட்டி இருப்பதே கண்ணில் படாது. வடலூருக்கு அந்தக் கவலை இல்லை. அது இருக்கும் நெய்வேலி வட்டாரத்தில் ஜனவரி விடிகாலையில்கூட வெப்பநிலை 20 டிகிரி செல்சியஸை ஒட்டித்தான் இருக்கும். ஆனாலும் வழுக்குகிறது. பனிக்கட்டி செய்யும் வேலையை இங்கே பனியும் புழுதியும் சாணியும் கோலமாவும் கூட்டுச் சேர்ந்து செய்துவிடுகின்றன.

கணக்கைப் பார்க்கலாம். ஒரு பரப்பின் மேல் இன்னொரு பரப்பு நழுவாமல் பிடித்துக்கொள்ளும் அளவை உராய்வுக் குணகம் என்கிறார்கள். 10 கிலோ எடையுள்ள பெட்டியைத் தரையில் இழுக்க 5 கிலோ எடைக்குச் சமமான விசை வேண்டியிருந்தால் குணகம் 0.5. லியனார்டோ டா வின்சி தன் குறிப்பேடுகளில் இதை ஆராய்ந்து வைத்திருந்தும் வெளியே சொல்லவில்லை. 1699-இல் பிரான்ஸின் கியோம் அமோன்தோன் மறுபடி கண்டுபிடித்து உலகுக்குச் சொன்னார். சமதரையில் சாதாரணமாக நடக்க நமக்குத் தேவைப்படும் குணகம் சுமார் 0.2 தான். காய்ந்த சிமெண்ட் தரையில் ரப்பர் செருப்புக்குக் கிடைப்பது 0.5-க்கும் மேல். அதாவது இயற்கை நமக்கு இரண்டு மடங்குக்கும் மேலாகவே கடன் கொடுத்து வைத்திருக்கிறது. அந்தத் தைரியத்தில்தான் கீழே பார்க்காமல், போனில் பேசிக்கொண்டே நடக்கிறோம்.

இன்னொன்றையும் ஆய்வாளர்கள் அளந்திருக்கிறார்கள். குதிகால் தரையைத் தொடும்போது ஓரிரு சென்டிமீட்டர் நழுவுவது அன்றாடம் நடப்பது. சுமார் 3 சென்டிமீட்டர் வரை நழுவினால் நடப்பவருக்கே தெரியாது. அதைத் தாண்டினால் உடம்பு விழித்துக்கொள்ளும். கைகள் தாமாக மேலே போகும், முழங்கால் மடங்கும், மற்றொரு கால் அவசரமாகத் தரையைத் தேடும். நழுவல் 10 சென்டிமீட்டரைத் தாண்டிவிட்டால் பெரும்பாலும் விழுந்துதான் தீர வேண்டும். இடுப்பு உயரம் 90 சென்டிமீட்டர் என்றால், தடையின்றி விழ அரை வினாடிகூட ஆகாது. தரையைத் தொடும் வேகம் மணிக்கு 15 கிலோமீட்டர். இந்தச் சொற்ப நேரத்துக்குள் ஒரு மனிதர் ஆடும் ஆட்டம்தான் பார்ப்பவரைச் சிரிக்க வைக்கிறது. அந்தக் கைவீச்சில் கேலிக்கு எதுவுமே இல்லை. உடலின் எடைமையத்தைக் கால்களுக்கு மேலே திரும்பக் கொண்டுவரச் செய்யும் கடைசி முயற்சி அது.

இரண்டு சக்கர வண்டிக்குக் கணக்கு இன்னும் கறார். 5 மீட்டர் ஆரமுள்ள திருப்பத்தில் மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் திரும்ப 0.35 போதும். அதே திருப்பத்தில் 20 கிலோமீட்டர் வேகம் என்றால் 0.63 வேண்டும். வேகம் மூன்றில் ஒரு பங்கு கூடினால் தேவை ஏறக்குறைய இரண்டு மடங்கு. காய்ந்த தார்ச்சாலை இதைத் தாங்கும். ஈரச்சேறு பூசிய சாலை தாங்காது. திரும்பும்போதே பிரேக்கையும் பிடித்தால், இருக்கிற கொஞ்ச உராய்வை இரண்டு வேலைகள் பங்கு போட்டுக்கொள்கின்றன. பால்காரர் கோலத்தில் உட்கார்ந்த கதை பெரும்பாலும் இதுதான்: திருப்பம், பிரேக், ஈரம், மூன்றும் ஒரே நொடியில்.

அந்த ஈரம் எங்கிருந்து வந்தது? மழை பெய்யவே இல்லையே.

வடகிழக்குப் பருவமழை கடலூர் மாவட்டத்தைக் குளிப்பாட்டிவிட்டு டிசம்பர் இறுதியில் ஓயத் தொடங்கும். மண்ணில் ஈரம் நிறைந்திருக்கும், வானம் மட்டும் தெளிந்துவிடும். மேகப் போர்வை இல்லாத இரவில் தரையும் கூரையும் வண்டிச் சீட்டும் தம் வெப்பத்தை வானத்துக்கு வீசிவிட்டுக் காற்றைவிடக் குளிர்ந்துபோகும். 30 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று சுமார் 30 கிராம் நீராவியைத் தாங்கும். 20 டிகிரியில் சுமார் 17 கிராம்தான். தாங்க முடியாதது குளிர்ந்த பரப்பில் நீர்த்துளியாக இறங்கும். தகரம், டைல்ஸ், பெயின்ட் அடித்த சாலைக்கோடு, சாக்கடை மேலுள்ள இரும்பு மூடி போன்ற வழவழப்பான, நீரை உறிஞ்சாத இடங்களில் அது அப்படியே நிற்கும். மண்தரை குடித்துவிடும்.

பனி கொண்டுவரும் நீர் மிகக் கொஞ்சம். அதுதான் வம்பு. கொட்டும் மழை தெருவைக் கழுவிவிடும். துளிப்பனி புழுதியைக் குழைத்துப் பசையாக்கும். தண்ணீர் அதிகமானால் வழுக்கலும் அதிகமாகும் என்ற நம் எண்ணம் இங்கே பொய்த்துப்போகிறது. பிரிட்டன் ரயில்வே இதைப் பல ஆண்டுகளாக அனுபவித்து வருகிறது. அங்கே இலையுதிர் காலத்தில் தண்டவாளத்தில் விழுந்து நசுங்கும் இலைகள் கறுப்புப் பூச்சாகி ரயில் சக்கரங்களை வழுக்க வைக்கின்றன என்பது ஊரறிந்த செய்தி. ‘தண்டவாளத்தில் இலை’ என்று ரயில் தாமதத்துக்குச் சொல்லப்படும் காரணம் அங்கே நகைச்சுவையாகவே ஆகிவிட்டது. ஆனால் இலையே இல்லாத தண்டவாளமும் வழுக்குவதைப் பொறியாளர்கள் கவனித்தார்கள். இரும்புத் துருவின் நுண்துகளோடு விடிகாலைப் பனியின் சிறிதளவு நீர் கலந்தால் களிம்பு போன்ற படலம் உருவாகிறது. பலத்த மழை பெய்தால் அது கழுவப்பட்டு, சக்கரத்துக்குப் பிடிப்பு திரும்பக் கிடைக்கிறது.

வடலூர்த் தெருவில் துருவுக்குப் பதில் செம்மண் புழுதி, டயர் தேய்ந்த ரப்பர்த்தூள், வண்டிகள் சொட்டிய எண்ணெய். அதன் மேல் வாசல் தெளித்த சாணித் தண்ணீர். சாணியில் மாட்டின் குடல் சுரக்கும் சளிப்பொருளும் அரைபட்ட நாரும் இருக்கின்றன. காய்ந்தால் தரையை இறுகப் பிடிக்கும் அதே பொருள், ஈரமாக இருக்கும்வரை வழுக்கும். அதன் மேல் கோலமாவு. அரிசிமாவாக இருந்தால் எறும்புக்கு உணவு. கடையில் வாங்கிய கல்மாவாக இருந்தால் வழவழப்பான சிமெண்ட் வாசலில் செருப்புக்கும் தரைக்கும் இடையே உருளும் குருணை. கோலம் போடுவதைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. அந்தக் கோலம் இருப்பதால்தான் வண்டிகள் கொஞ்சமாவது வேகம் குறைத்து ஒதுங்கிப் போகின்றன.

உருளும் துகள் என்றதும் நெய்வேலியைச் சொல்லாமல் விட முடியாது. அங்கே 1956-இல் தொடங்கிய சுரங்க நிறுவனம் 1960-களின் தொடக்கத்திலிருந்து பழுப்பு நிலக்கரியை எரித்து மின்சாரம் எடுத்துவருகிறது. எரிந்த பிறகு புகையோடு வரும் உலர்சாம்பலை நுண்ணோக்கியில் பார்த்தால் துகள்களில் பல அழகான உருண்டைகள். நிலக்கரியில் இருந்த கனிமங்கள் உலையில் உருகி, புகையில் மிதந்தபடியே குளிரும்போது, பரப்பு இழுவிசை அவற்றைக் கோளமாக்கிவிடுகிறது. கான்கிரீட்டில் இந்தச் சாம்பலைச் சேர்த்தால் அதிகத் தண்ணீர் ஊற்றாமலேயே கலவை இலகுவாக ஓடுவதற்கு இந்த உருண்டை வடிவமும் ஒரு காரணம். கட்டடத்துக்கு வரமான இந்தக் குணம், சாம்பல் சாலையில் சிந்திப் பனியில் நனைந்தால் இருசக்கர வண்டிக்கு நல்லதாக இருக்காது.

இவை எல்லாவற்றையும்விட மோசமான குற்றவாளி வேறு. சமீப ஆண்டுகளில் வீட்டு வாசல்களில் முளைத்திருக்கும் பளபளப்பு டைல்ஸ் சாய்தளம். பைக்கை உள்ளே ஏற்றுவதற்காகத் தெருவை நோக்கிச் சரிவாகக் கட்டி, கூடத்துக்கு வாங்கியதில் மீந்த டைல்ஸை அதில் பதித்துவிடுகிறார்கள். 10 டிகிரிச் சரிவில் வெறுமனே நிற்பதற்கே 0.18 தேவை, நடக்க அதன் மேல் இன்னும் வேண்டும். பளபளப்பான டைல்ஸ் நனைந்தால் அந்த அளவே கிடைக்காமல் போகலாம். கனடாவில் இயற்கை செய்வதை நாம் காசு கொடுத்துச் செய்துகொள்கிறோம்.

வழுக்கலின் அரசன் என்று உலகம் ஒத்துக்கொண்டது வாழைப்பழத் தோலைத்தான். சார்லி சாப்ளினின் 1915-ஆம் ஆண்டு மௌனப்படமான ‘பை தி சீ’, தான் எறிந்த தோலில் தானே வழுக்கி விழும் சாப்ளினோடு தொடங்குகிறது. கிட்டத்தட்ட நூறு ஆண்டுகள் எல்லோரும் சிரித்த பிறகுதான் ஒருவர் அளந்து பார்த்தார். ஜப்பானின் கிடாசாடோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கியோஷி மபுச்சியும் குழுவினரும் லினோலியம் தரையில் தோலை வைத்து, ஷூ காலால் மிதித்து, அடியில் விசைமானி பொருத்தி அளந்தார்கள். குணகம் 0.066. நடக்கத் தேவையானதில் மூன்றில் ஒரு பங்கு. ஏறக்குறைய பனிக்கட்டிக்கு இணை. தோலின் உட்புறத்திலுள்ள நுண்பைகள் மிதிபட்டு உடைந்து, பல்சர்க்கரைக் கூழ் கசிந்து மசகாகிறது என்பது அவர்கள் சொன்ன விளக்கம். மபுச்சியின் உண்மையான துறை செயற்கை மூட்டு. நம் முழங்காலை வழுக்க வைக்கும் திரவமும் இப்படிப்பட்ட கூழ்தான் என்பதால் அவருக்கு வாழைப்பழத்தில் ஆர்வம் வந்தது. முதலில் சிரிக்கவும் பிறகு சிந்திக்கவும் வைக்கும் ஆய்வுகளுக்கான இக் நோபல் பரிசு, இயற்பியலுக்காக 2014-இல் அவர்களுக்குக் கிடைத்தது.

நம்மூரில் வாழைத்தோலின் இடத்தைப் பூசணிக்காய் பிடித்திருக்கிறது. திருஷ்டி கழித்து நடுச்சாலையில் உடைக்கும் காயின் சதையும் ஆபத்தானது. ஆயுத பூஜை வந்தாலே சாலையில் உடைக்காதீர்கள் என்று போக்குவரத்துக் காவலர்கள் கேட்டுக்கொள்வது வாடிக்கையாகிவிட்டது. கண்ணேறு பட்டதோ இல்லையோ, பின்னால் வந்த ஸ்கூட்டருக்கு அடி படுவது உறுதி.

பனிக்கட்டி ஏன் வழுக்குகிறது என்பதே முழுதாகத் தீராத வழக்கு. அதன் மேற்பரப்பில் எப்போதும் மெல்லிய நீர்ப்படலம் இருக்கிறது என்று மைக்கேல் ஃபாரடே 1850-இல் சொன்னார். மிதிக்கும் அழுத்தத்தில் உருகுகிறது என்று பிற்பாடு பாடப்புத்தகங்கள் சொல்லின. கடுங்குளிரிலும் சறுக்கு விளையாட முடிவதை அந்த விளக்கம் தாங்கவில்லை. உராய்வு வெப்பம்தான் உருக்குகிறது என்று 1939-இல் பௌடனும் ஹியூஸும் காட்டினார்கள். காரணம் எதுவானாலும் விழுவதைத் தடுக்க நியூசிலாந்தின் டனீடின் நகரத்தில் ஒரு வைத்தியம் உண்டு. உலகின் மிகச் செங்குத்தான தெரு என்று பெயர் பெற்ற பால்ட்வின் தெரு இருக்கும் மலைநகரம் அது. அங்குள்ள ஒட்டாகோ பல்கலைக்கழகத்தின் லியான் பார்க்கின், ஷீலா வில்லியம்ஸ், பட்ரீசியா பிரீஸ்ட் மூவரும் உறைந்த சரிவில் இறங்கும் பாதசாரிகளைச் சீட்டுக் குலுக்கலாகப் பிரித்து, ஒரு பிரிவினருக்கு ஷூவுக்கு மேல் சாக்ஸ் மாட்டிவிட்டார்கள். சாக்ஸ் மாட்டியவர்களுக்குத் தெளிவாகவே பிடிப்பு அதிகம் கிடைத்தது. பக்கவிளைவு என்று ஆய்வாளர்கள் பதிவுசெய்தது, சிலருக்கு ஏற்பட்ட சிறுநேர மானக்கேடு. 2010-ஆம் ஆண்டின் இயற்பியல் இக் நோபல் இவர்களுக்கு.

தைப்பூசத்துக்கு வடலூர் சத்திய ஞான சபைக்கு வரும் லட்சக்கணக்கான பேரில் வெறுங்காலோடு நடப்பவர் ஏராளம். அவர்கள் ஒருவகையில் பாதுகாப்பாகவே நடக்கிறார்கள். இலேசான ஈரத்தில் பாதத்தோல் மென்மையாகித் தரையோடு அதிகம் ஒட்டும். நீர் முழுப்படலமாக நின்றால்தான் வழுக்கும். அதைவிட முக்கியம், வெறுங்கால் தரையை உணர்கிறது. வழுக்கும் என்று தெரிந்தால் மனிதர்கள் தம்மை அறியாமலே அடியைச் சுருக்கி, பாதத்தைத் தட்டையாக வைத்து, தேவைப்படும் உராய்வையே குறைத்துக்கொள்கிறார்கள் என்று ஆய்வகச் சோதனைகள் காட்டியிருக்கின்றன. விழ வைப்பது வழுக்கும் தரையைக் காட்டிலும் வழுக்காது என்ற நம்பிக்கைதான்.

இதற்குச் சாட்சி துரியோதனன். மயன் கட்டிய இந்திரப்பிரஸ்த மண்டபத்தில் பளிங்குத் தரையை நீர் என்று நினைத்து ஆடையைத் தூக்கினான். அடுத்து நீரைத் தரை என்று நம்பிக் கால்வைத்து விழுந்தான். அப்போது திரௌபதி சிரித்தாள் என்பது மக்கள் வழக்கு. திரௌபதி அம்மன் கோயில்களும் பாரதக் கூத்தும் நிறைந்த கடலூர், விழுப்புரம் சீமையில் இந்தச் சிரிப்பு எங்கே கொண்டுபோய் விட்டது என்பதை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

விழுந்தவரைப் பார்த்து ஏன் சிரிக்கிறோம்? தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் நகைப்புக்கு எள்ளல், இளமை, பேதைமை, மடன் என நான்கு நிலைக்களன்களைச் சொல்கிறது. பிரெஞ்சுச் சிந்தனையாளர் ஆன்றி பெர்க்சன் 1900-இல் சிரிப்பைப் பற்றி எழுதிய நூலில் எடுத்துக்கொண்ட முதல் உதாரணங்களில் ஒன்று தெருவில் ஓடி, தடுக்கி விழும் மனிதன். சூழ்நிலை மாறியும் உடம்பு மாறாமல் இயந்திரம்போலப் பழைய ஓட்டத்தையே தொடர்ந்ததுதான் சிரிப்புக்குக் காரணம் என்றார் அவர். 2010-இல் அமெரிக்க உளவியலாளர்கள் பீட்டர் மெக்ரா, கேலப் வாரன் இருவரும் வேறு விளக்கம் தந்தார்கள்: ஒழுங்கு மீறப்பட வேண்டும், அது கெடுதல் செய்யாததாகவும் தெரிய வேண்டும், இரண்டும் சேர்ந்தால் சிரிப்பு. பெர்க்சனைவிட இது தெருவுக்குப் பொருத்தம். பால்காரர் “ஒண்ணுமில்ல” என்று சொல்லும்வரை திண்ணைக்காரரின் கேலிக்கே அரைகுறை அனுமதிதான்.

இத்தாலிய ஆய்வாளர்கள் 2014-இல் வெளியிட்ட மூளை மின்னலை ஆய்வும் இதையே தொடுகிறது. அசம்பாவிதத்தில் சிக்கியவரின் படங்களைக் காட்டினார்கள். முகத்தில் திகைப்பு தெரிந்த படங்கள் வேடிக்கையாக இருந்தன. வலியோ கோபமோ தெரிந்தவை அப்படி இல்லை. அதனால்தான் விழுந்தவுடன் ஒரு கணம் எல்லோரும் அந்த முகத்தைப் பார்க்கிறார்கள்.

வயதானவர் விழும்போது அந்த முகத்தை நம்பக்கூடாது. பெரியவர்கள் வலியைவிட வெட்கத்தைத்தான் முதலில் மறைப்பார்கள். உலகச் சுகாதார நிறுவனக் கணக்குப்படி ஆண்டுக்கு சுமார் 6,84,000 பேர் விழுந்து இறக்கிறார்கள். எதிர்பாராத காயங்களால் நேரும் சாவுகளில் சாலை விபத்துக்கு அடுத்த இடம் இதற்கு. இறப்பவர்களில் 80 விழுக்காட்டுக்கு மேல் நம்மைப் போன்ற குறைந்த, நடுத்தர வருமான நாடுகளில்.

செய்ய வேண்டியவை பெரிய செலவு பிடிப்பவை அல்ல. சாய்தளத்துக்குச் சொரசொரப்பான கல் போதும். ஏற்கெனவே டைல்ஸ் பதித்தவர்கள் குறுக்கே பிடிப்புப் பட்டைகள் ஒட்டலாம். தேய்ந்து வழவழத்துப்போன ரப்பர் செருப்பில் நீர் வெளியேற வரிப்பள்ளம் இல்லை. அது மார்கழிக்கு உதவாது. வாசல் தெளித்த தண்ணீரை வண்டிகள் திரும்பும் முனைக்கு ஓடவிடாமல் துடைப்பத்தால் ஓரமாகத் தள்ளிவிடலாம். இருசக்கர வண்டிக்காரர்கள் திரும்புவதற்கு முன்பே பிரேக்கைப் பிடித்து முடித்துவிட வேண்டும், திரும்பும்போது பிடிக்கக்கூடாது. விழுந்தவர் பெரியவராக இருந்தால் கையைப் பிடித்து இழுத்துத் தூக்காதீர்கள். இடுப்பு வலி, காலை ஊன்ற முடியாமை, ஒரு கால் குட்டையாகத் தெரிவது, பாதம் வெளிப்பக்கமாகத் திரும்பிக் கிடப்பது ஆகியவை இடுப்பெலும்பு முறிவின் அடையாளங்கள். இருந்த இடத்திலேயே அசையாமல் படுக்க வைத்து 108-ஐ அழையுங்கள்.